குறைக்கவும் வேண்டும், கூட்டவும் வேண்டும்: தசைச்சிதைவு நோயில் சாப்பாட்டுக் கணக்கு

மஸ்குலர் டிஸ்ட்ரோபி என்கிற தசைச்சிதைவு நோய் உள்ள பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சத்துமாவு, புரோட்டீன் டப்பா, பாதாம், நெய் என்று ஏதாவது ஒன்றோடு வருகிறார்கள். "நல்லாச் சாப்பிட வைங்க, தசை ஏறிடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதே வாரம் மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு "சாப்பாட்டைக் குறைங்க" என்கிறார். ஏழெட்டு வருடம் கழித்து அதே மருத்துவர் "இது போதாது, கூட்டுங்க" என்கிறார். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் மேல்மலை, தாண்டிக்குடி என்று மலையில் எங்கே இருந்தாலும் குடும்பங்களைக் குழப்புவது இந்த இடம்தான். நோய் நகர நகரச் சாப்பாடு செய்ய வேண்டிய வேலையும் மாறுகிறது. அதைப் புரிந்துகொண்டால் மருத்துவர் சொன்ன இரண்டும் பொருந்திவிடும்.

சாப்பாட்டால் தசை திரும்ப வருமா?

வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தசைச்சிதைவு என்பது ஒரே நோய் அல்ல, மரபணுக் கோளாறுகளின் கூட்டம். குழந்தைகளிடம் அதிகம் காண்பது டுஷேன் வகை. இதில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உருவாவதே இல்லை என்று சொல்லிவிடலாம். தசைநாரின் மேலுறை ஒவ்வொரு அசைவிலும் கிழியாமல் தாங்கிப் பிடிப்பது அந்தப் புரதம்தான். அது இல்லாவிட்டால் நடப்பதும் படியேறுவதுமே தசையைச் சேதப்படுத்துகின்றன. சேதமான இடத்தில் நாளடைவில் கொழுப்பும் நார்த்திசுவும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்குகிறது. பெக்கர் வகையில் அதே புரதம் குறையோடு உருவாகும், அதனால் வேகம் குறைவு. இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வகைகளும், பிடித்த கை சட்டென விடாத மயோட்டோனிக் வகையும் தனி.

டிஸ்ட்ரோஃபின் எந்தப் பருப்பிலும் முட்டையிலும் இருந்து கிடைப்பதில்லை. உடம்பு தன் மரபணுவைப் பார்த்துத் தானே செய்துகொள்ள வேண்டிய சரக்கு அது. குறிப்பிலேயே பிழை இருக்கும்போது எத்தனை கிலோ புரதம் சாப்பிட்டாலும் அது உருவாகாது. கூடுதலாகப் போகும் புரதத்தை உடம்பு எரிக்கும், அல்லது கொழுப்பாக்கிச் சேர்த்துவைக்கும்.

பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரையான பையனுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த புரத அளவு நாளுக்குச் சுமார் 32 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 400 மில்லி பாலில் 13, வேகவைக்கும் முன் 40 கிராம் உள்ள பருப்பில் 9, சோற்றிலும் ராகியிலும் ஒரு பத்து. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. தசைச்சிதைவு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் மாதப் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய். அதில் பெரும்பங்கை ஒரு புரோட்டீன் டப்பா விழுங்கிவிடும். அதே காசுக்குத் தினம் அரை லிட்டர் பாலும் ஒரு முட்டையும் மாதம் முழுக்க வந்து, மீதியும் இருக்கும்.

காமாலைப் பத்தியம் என்னும் பொறி

நோய் கண்டுபிடிக்கும் முன்பே சாப்பாட்டில் ஒரு தவறு நேர்ந்துவிடுவதுண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ரத்தம் பார்த்திருப்பார்கள். ஈரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் பல மடங்கு ஏறியிருக்கும். உடனே ஈரல் கெட்டுவிட்டது, காமாலை என்று முடிவாகும். எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, தினம் கீழாநெல்லி, மோர்சோறு. மாதக்கணக்கில் பத்தியம் இருந்தும் எண்கள் இறங்காது.

எப்படி இறங்கும்? அந்த இரண்டு நொதிகளும் ஈரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருக்கின்றன. தசை உடையும்போது அவை ரத்தத்தில் கசிகின்றன. கண் மஞ்சளாகவில்லை, காமாலையில் ஏறும் பிலிருபின் சரியாக இருக்கிறது, ஆனால் இந்த இரண்டும் மட்டும் எகிறி நிற்கின்றன என்றால் சி.கே. என்ற தசை நொதியையும், ஜி.ஜி.டி. என்ற ஈரல் நொதியையும் பார்க்கச் சொல்ல வேண்டும். சி.கே. ஆயிரக்கணக்கில் இருந்து ஜி.ஜி.டி. இயல்பாக இருந்தால் கோளாறு தசையில். வளர்கிற பிள்ளையைப் பட்டினி போட்டதுதான் மிச்சம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு ஏமாற்று உண்டு. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவருக்கு அது எப்போதும் தாழ்வாகவே காட்டும். ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்தாலும் சிறுநீரகத்தில் கோளாறு இருக்கலாம். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற சோதனை நம்பகமானது.

முதல் கட்டம்: எடை ஏறும் காலம்

உட்கார்ந்திருந்தாலும் எரிபொருள் தின்னும் உறுப்பு தசை. அது குறையும்போது உடம்பின் செலவும் குறைகிறது. நடை நின்றதும் இன்னொரு பங்கு குறைகிறது. உணவியலாளர்கள் பொதுவாகத் தொடங்கும் கணக்கு இது: நடக்கும் பிள்ளைக்கு அதே வயதுப் பிள்ளையின் தேவையில் 80 சதவீதம், வீல்சேருக்கு வந்தவனுக்கு 70. பதினோரு வயதுப் பையனின் வழக்கமான தேவை சுமார் 2,200 கிலோ கலோரி என்றால், வீல்சேரில் இருப்பவனுக்கு 1,550 போதும். பிறகு மாதாந்தர எடையைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டீராய்டும் ஓடிக்கொண்டிருக்கும். பிரெட்னிசலோனோ டெஃப்ளாசகார்ட்டோ, நடையை நீட்டிக்கத் தரும் அந்த மாத்திரை அகோரப் பசியைக் கிளப்பும். சாப்பிட்டு முக்கால் மணியில் மறுபடியும் தட்டை நீட்டும் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை, அது மருந்தின் வேலை. முகம் உருண்டு வருவதைப் பார்த்து "பையன் நல்லாத் தேறிட்டான்" என்று அக்கம்பக்கம் மகிழும். தேறவில்லை, நீரும் கொழுப்பும் சேர்கின்றன.

மலையில் இதன் விலை அதிகம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பது படி இறங்க வேண்டிய லயன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) வீல்சேர் உதவாது, முதுகில் சுமந்துதான் போக வேண்டும். ஏறும் ஒவ்வொரு கிலோவும் அம்மாவின் இடுப்பிலும் பிள்ளையின் மூச்சிலும் போய் நிற்கிறது.

எங்கே குறைப்பது? சோற்றிலிருந்து தொடங்காதீர்கள், டீயிலிருந்து தொடங்குங்கள். குளிருக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்கு 40 கிராம், அதாவது 160 கிலோ கலோரி. அசையாத உடம்பில் இது மட்டுமே மாதத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் கொழுப்பாகச் சேரும். அடுத்தது டீக்குத் துணை போகும் வர்க்கி. மைதாவும் வனஸ்பதியும் அடுக்கடுக்காக மடித்துச் சுட்டது அது, கையில் எடுத்தால் காகிதம் போல் லேசாக இருப்பதால் கணக்கில் வருவதில்லை. மூன்றாவது, வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி வகையறா. இந்த மூன்றையும் வாரத்தில் ஒருநாள் என்று ஒதுக்கினாலே பெரும்பாலும் போதும். பசிக்குக் கேரட், வெள்ளரி, முட்டைக்கோஸ் பொரியல், ரசம், மோர் என்று வயிற்றை நிரப்பி கலோரி குறைவாகத் தருபவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். பசித்த பிறகு சமைக்கத் தொடங்கினால் பிஸ்கட்தான் ஜெயிக்கும்.

எடையை வேகமாக இறக்கவும் கூடாது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து இருக்கிற கொஞ்சத் தசையும் கரையும். வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே வெற்றி, உயரம் கூடக் கூட அது சரியாகிவிடும்.

வீல்சேரில் இருப்பவரை எப்படி எடை போடுவது என்பது பலருக்குச் சிக்கல். காய்கறி மண்டியிலும் தேயிலை எடை போடும் இடத்திலும் தரையோடு ஒட்டிய பிளாட்பார்ம் தராசு இருக்கும். வீல்சேரோடு ஏற்றி எடை பார்த்துவிட்டு, காலி வீல்சேரின் எடையைக் கழிக்கவும். சிறு பிள்ளையென்றால் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை. மாதம் ஒரே தேதி, ஸ்வெட்டரும் ஷூவும் கழற்றிவிட்டு. கம்பளி ஸ்வெட்டரும் ஜெர்கினும் சேர்ந்தாலே ஒரு கிலோ வித்தியாசம் வந்துவிடும். நிற்க முடியாதவருக்கு உயரத்தை முழங்கை முதல் மணிக்கட்டு வரையான எலும்பின் நீளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தசை இருந்த இடத்தில் கொழுப்பு இருப்பதால் எண் சரியாகத் தெரிந்தாலும் கொழுப்பு அதிகமாகவே இருக்கும்.

எலும்பு: ராகியும் வெயிலும்

ஸ்டீராய்டு எலும்பை அரிக்கிறது. நடக்காத எலும்பு தானாகவும் மெலிகிறது. வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது லேசாகச் சறுக்கினாலே தொடை எலும்பு முறிவதும், முதுகெலும்பு நசுங்கி முதுகுவலி வருவதும் இதனால்தான்.

பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குக் கால்சியம் நாளுக்கு 850 மில்லிகிராம், பதின்மூன்றுக்கு மேல் 1,000. சாப்பாட்டிலேயே எட்டிவிடலாம்: 400 மில்லி பாலில் 480, ராகி 60 கிராமில் 210, ஒரு கிண்ணம் தயிரில் 130, முட்டையில் 25. நீலகிரியில் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளும் திட்டம் 2023 மே மாதம் தொடங்கியது, அதை விட்டுவிடாதீர்கள். ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் கால்சியத்தைக் கட்டிப்போடும் பைட்டேட் குறையும். பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பிடித்துக்கொள்கிறது, முருங்கைக்கீரை மேல்.

கால்சியத்தை உள்ளே இழுக்க வைட்டமின் டி வேண்டும். மலையில் வெயில் உறைக்கும் என்பது உண்மை, ஆனால் மழை மாதங்களில் மூட்டம் கலைவதில்லை. கலைந்தாலும் உடம்பில் முகம் தவிர மீதியெல்லாம் கம்பளிக்குள். அதனால் வருடத்துக்கு ஒருமுறை 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி அளவைப் பார்த்து, ஒரு மில்லி ரத்தத்துக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து எடுக்க வேண்டும். தானாக வாரம் ஒரு 60,000 யூனிட் மாத்திரையை வருடக்கணக்கில் போடுவது ஆபத்து. கால்சியம் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகக் கல்லில் முடியும்.

உப்பு

டுஷேன், பெக்கர் வகைகளில் இதயத் தசையும் பலவீனமாகும், ஸ்டீராய்டோ ரத்த அழுத்தத்தை ஏற்றும். எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், அதற்குமேல் வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும்தான் மறைமுக எதிரிகள். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். இதயத்துக்கு எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்றவை சாப்பிடுகிறவருக்கு அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். கேட்காமல் வாங்காதீர்கள்.

வேகாத பருப்பும் மலச்சிக்கலும்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. கொள்ளு, காய்ந்த அவரை, பட்டாணி இவை நடுவில் விறைப்பாகவே நிற்கும். பிரஷர் குக்கருக்குள்ளும் சமவெளியைவிட நாலைந்து டிகிரி குறைவுதான். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கீழே நாட்டில் வைப்பதைவிட நாலைந்து விசில் கூடுதலாக வைத்து, இரண்டு விரலால் அழுத்தினால் விதை மாவாக நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் இன்னொரு சுற்று. அரைகுறையாக வெந்த பயறு எல்லோருக்கும் வாயுதான். வயிற்றுத் தசை பலவீனமானவருக்கோ வயிறு உப்பி, மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசையை மேலே தள்ளி மூச்சையே முட்டவைக்கும்.

மலச்சிக்கல் இந்த நோயில் பெரும்பாலோருக்கு உண்டு. குடலின் தசையும் மந்தம், முக்குவதற்கான வயிற்றுத் தசையும் இல்லை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பு. உடனே எல்லோரும் நார்ச்சத்து என்பார்கள். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் உள்ளே சாந்து போல் இறுகிவிடும். குளிரில் தாகமே எடுக்காது. அதோடு, சிறுநீர் கழிக்க எழுப்பிக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்பதற்காகவே பல இளைஞர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது சாப்பாட்டுப் பிரச்சினை அல்ல, கூச்சம். கைக்கெட்டும் தூரத்தில் யூரினல் பாட்டிலும், ஃபிளாஸ்கில் வெந்நீரும் வைத்தால் பாதி தீரும். ஒன்றரை லிட்டர் உள்ளே போகிறதா என்று பார்த்த பிறகே கீரையையும் பழத்தையும் கூட்டுங்கள். இதய மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. மூன்று நாள் போகவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு லாக்டுலோஸ் போன்ற இளக்கி தேவைப்படும்.

இரண்டாம் கட்டம்: தொண்டை தளரும்போது

பதினெட்டு வயதையொட்டி, சிலருக்கு முன்னதாகவே, காற்று திசை மாறும். மெல்லும் தசையும் நாக்கும் தொண்டையும் தளர்கின்றன. மூச்சு விடுவதற்கே சக்தி செலவாகிறது. எடை இறங்கத் தொடங்கும். ஒரு காலத்தில் குண்டாக இருந்தவன் என்பதால் வீட்டில் இதை நல்ல செய்தி என்று நினைத்துவிடுவது உண்டு. மூன்று மாதத்தில் 5 சதவீதம், அதாவது 40 கிலோ இருந்தவருக்கு 2 கிலோ தானாகக் குறைந்தால் அது எச்சரிக்கை. மற்ற அடையாளங்கள்:

1. ஒருவேளைச் சாப்பாடு அரை மணி நேரத்தைத் தாண்டுவது.
2. சாப்பிடும்போது இருமல், தொண்டையைத் திரும்பத் திரும்பச் செருமுவது.
3. சாப்பிட்டபின் குரல் ஈரமாக, களகளவென்று மாறுவது.
4. வருடத்தில் இரண்டு மூன்று முறை சளிக்காய்ச்சல், நிமோனியா.
5. கறி, தோசை ஓரம் என்று கெட்டியானவற்றை அவரே ஒதுக்கிவைப்பது.

டுஷேன் வகையில் தொண்டைச் சிக்கலின் சுபாவத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தள்ளும் பலம் குறைவதால் கெட்டிச் சாப்பாடு தொண்டைக் குழியிலேயே தேங்கிவிடுகிறது. விழுங்கி முடித்து நிம்மதியாக மூச்சிழுக்கும்போது அந்த மிச்சம் மூச்சுக்குழலுக்குள் சறுக்கும். பக்கவாதம் வந்தவருக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் கெட்டியாக்கிக் கொடுத்தால் இவருக்குத் தேக்கம் கூடத்தான் செய்யும். தண்ணீர் இவருக்குப் பெரும்பாலும் எதிரியல்ல, தேங்கியதைக் கழுவிவிடும் துணை. மயோட்டோனிக் வகையிலும் வேறு வகைகளிலும் நிலவரம் மாறும். ஆகவே விழுங்கும் பயிற்சியாளர் பார்த்துச் சொல்லாமல் கெட்டிப்படுத்தும் பவுடர் வாங்க வேண்டாம்.

இந்த வெளிச்சத்தில் மலைச் சாப்பாட்டைப் பாருங்கள். ராகிக் களியை, படுகர் வீட்டு ஹிட்டை, உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவதுதான் முறை. வழுவழுப்பான அந்த உருண்டையைத் தள்ள நல்ல தொண்டை வேண்டும். தளர்ந்த தொண்டையில் அது பசை போல ஒட்டி நிற்கும். ராகியை விட வேண்டியதில்லை, வடிவத்தை மாற்றினால் போதும்: மோர் விட்டுக் கரைத்த கூழ், அல்லது ஸ்பூனிலிருந்து தாராளமாக வழியும் பால்கஞ்சி. வர்க்கி இங்கேயும் வில்லன்தான். உலர்ந்த பொடி வாயெங்கும் சிதறி, மூச்சோடு உள்ளே போகும். ஆசையென்றால் டீயில் முழுக்க ஊறிக் குழைந்தபின், மிதக்கும் துண்டு எதுவும் இல்லாமல் ஸ்பூனால் கொடுக்கலாம். பிளம்ஸ் தோல், நிலக்கடலை, பொரி, நார் உள்ள பீன்ஸ் ஆகியவை வேண்டாம்.

பட்டர் ஃப்ரூட் இப்போதுதான் வேலைக்கு வருகிறது. பர்லியார் பக்கத்திலும் பழனி கீழ்மலையிலும் சீசனில் மலிவாகக் கிடைக்கும் இந்தப் பழம் 100 கிராமுக்கு 160 கிலோ கலோரி. முதல் கட்டத்தில் அளந்து கொடுக்க வேண்டிய பழம், இரண்டாம் கட்டத்தில் வரம். அதே 100 கிராமை 200 மில்லி பாலும் ஒரு மேசைக்கரண்டி பால்பவுடரும் சேர்த்து அடித்தால் மெல்லாமலேயே 300-க்கு மேல் உள்ளே போகும். கஞ்சியில் ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் 45. அளவு கூடாமல் அடர்த்தியைக் கூட்டுவதே இங்கே உத்தி, ஏனென்றால் வயிறும் மெதுவாகத்தான் காலியாகும். மூன்று வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறு வேளை. சாயங்காலம் தாடை களைத்துவிடும், கனமான சாப்பாட்டைக் காலையிலும் மதியத்திலும் முடித்துவிடுங்கள்.

ஊட்டும் முறை:

1. நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைச் சற்றுக் கீழே தாழ்த்தச் சொல்லவும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் தலை அண்ணாந்துவிடும், மூச்சுவழி திறந்துகொள்ளும். எதிரில் உட்கார்ந்து ஊட்டவும்.
2. ஒரு டீஸ்பூன் அளவு மட்டும். விழுங்கியபின் வெறும் வாயால் இன்னொரு முறை விழுங்கச் சொல்லவும்.
3. இரண்டு மூன்று வாய்க்கு ஒருமுறை ஒரு மிடறு தண்ணீர். தண்ணீருக்கே இருமினால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்கவும்.
4. டி.வி.யை அணைத்துவிடவும். சிரிக்கும்போதுதான் புரையேறும்.
5. முடிந்தபின் வாயைக் கொப்பளித்துத் துடைத்து, அரை மணி நேரம் சாய்க்காமல் வைத்திருக்கவும்.

குழாய் என்றதும்

இதெல்லாம் செய்தும் எடை நிற்கவில்லையென்றால் வயிற்றில் நேராகப் பொருத்தும் பெக் குழாயைப் பற்றிப் பேச்சு வரும். வீட்டில் அதைக் கடைசிக் கட்டமாக எண்ணித் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. நுரையீரலில் ஓரளவு தெம்பு இருக்கும்போது செய்தால் மயக்கமருந்து தாங்கும். குழாய் வைத்தபின்னும் பிடித்ததை, பத்திரமானதை வாயால் ருசிக்கலாம், உயிர்வாழத் தேவையான அளவை வாயால் முடிக்க வேண்டும் என்ற போராட்டம் மட்டும் போய்விடும். எந்த அறுவைக்கும் முன் மயக்கமருந்து நிபுணரிடம் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும். சக்சினைல்கோலின் என்ற மருந்து டுஷேன் நோயாளியின் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது.

பாதை அடைபடும் நாட்களில்

ஸ்டீராய்டைக் காலைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் எரிச்சலும் புண்ணும் வரும். மாதக்கணக்கில் அதைச் சாப்பிடுகிறவரின் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென நின்றால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே ஆபத்து. விரதம், பத்தியம், நாட்டு மருந்து என்று எதற்காகவும் அதை நிறுத்தக் கூடாது. மண்சரிந்து மேட்டுப்பாளையம் ரோடோ வத்தலக்குண்டு ரோடோ இரண்டு நாள் அடைபடுவது மலையில் புதிதல்ல, எனவே மழைக்காலத்தில் பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். வாந்தியாகி மாத்திரை தங்காமல் ஒரு நாள் ஓடிவிட்டால் வீட்டில் கஞ்சி கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனைக்கே போய், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டைக் காட்டி, ஊசியாக ஹைட்ரோகார்ட்டிசோன் போட வேண்டுமா என்று கேளுங்கள். அந்தச் சீட்டு வீல்சேரின் பையிலேயே இருக்கட்டும்.